நிக்கல் முலாம் ஏன் உரிந்து வருகிறது?

கேள்வி: வினிகரில் சிறிது உப்பு கலந்து, இரண்டு நிக்கல் துண்டுகளைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்திப் பச்சைக் கரைசல் தயாரித்தேன். அதில் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாளுக்கு 12 வோல்ட் அடாப்டரைக் கொண்டு முலாம் பூசினேன். நடுவில் இருமுறை வெளியே எடுத்தும் பார்த்தேன். ஓரங்கள் கறுத்துவிட்டன. துணியால் துடைத்ததும் முலாம் செதில் செதிலாக உரிந்தது. எங்கே தவறினேன்?

பதில்: கறுத்ததற்கு ஒரு காரணம், உரிந்ததற்கு வேறு காரணம். கறுத்ததற்கு மின்னோட்டம் மிகுந்ததே காரணம். ஆலிவர் வாட்ஸ் 1916-இல் வகுத்து இன்றும் பட்டறைகளில் வழங்கும் கரைசலில் லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் வரை நிக்கல் சல்பேட் இருக்கும். வினிகர்க் கரைசலில் உள்ள நிக்கல் அதில் மிகச் சிறிய பங்கே என்பதால், மெதுவாகத்தான் பூச முடியும். பொருளின் 100 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு அரை ஆம்பியரைத் தாண்டாதீர்கள். தாழ்ப்பாள் 10 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமும் உடையதானால் இருபுறமும் சேர்த்து 50 சதுர சென்டிமீட்டர். அதற்குக் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட் வேண்டாம், 1.5 முதல் 3 வோல்ட் வரை வைத்துப் பாருங்கள். மின்னோட்டம் ஓரங்களில்தான் குவியும் என்பதால், எதிர்முனையில் மாட்டிய பொருளின் இருபுறமும் நேர்முனை நிக்கல் துண்டுகள் இருக்கட்டும்.

உரிவதுதான் பெரிய சிக்கல். முலாம் ஒட்டுமா ஒட்டாதா என்பது மின்சாரம் பாயும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. துருவை உப்புத்தாளால் முற்றிலும் தேய்த்தெடுத்து, சூடான சலவைச் சோடாக் கரைசலில் எண்ணெய்ப் பசையை நீக்கிக் கழுவியபின், பொருளை நீரில் நனைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் ஒரே படலமாக விரிந்து நின்றால் பரப்பு சுத்தம். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே பசை இருக்கிறது, மீண்டும் கழுவத்தான் வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத பொருளை நான் கரைசலில் இறக்குவதே இல்லை. தேறியபின் விரலால் தொடாமல், வினிகரில் சற்று நேரம் முக்கி, அலசி, உலரவிடாமல் உடனே கரைசலில் இறக்குங்கள்.

நடுவில் வெளியே எடுத்தது இரண்டாவது தவறு. புதிதாகப் படிந்த நிக்கல் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தால் தன்னை மூடிக்கொள்ளும். அதன்மேல் படியும் அடுத்த நிக்கல் பற்றாது. செதிலின் அடியில் இரும்பு தெரியாமல் நிக்கலே தெரிந்தால் இதுதான் காரணம். ஆகவே தொடங்கியபின் இடையில் நிறுத்தாதீர்கள். நான் சொன்ன மின்னோட்டத்தில் ஒரு மணி நேரத்தில் கோட்பாட்டுப்படி ஏறக்குறைய 6 மைக்ரான்தான் படியும், வினிகர்க் கரைசலில் அதைவிடக் குறையும், பொறுமை வேண்டும். இவ்வளவு மெல்லிய பூச்சில் நுண்துளைகள் இருக்கும், அவற்றின் வழியே இரும்பு துருப்பிடிக்கும் என்பதால், மழையில் நனையும் தாழ்ப்பாளுக்கு இம்முறை பொருந்தாது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: நிக்கல் உப்புகள் நச்சுத்தன்மை உடையவை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை, தோலில் தீராத ஒவ்வாமையையும் ஏற்படுத்தும். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், சமையலுக்கு இனி ஒருபோதும் பயன்படாத பாத்திரத்தில் செய்யுங்கள். எதிர்முனையில் ஹைட்ரஜன் வெளிவருவதால் அருகில் நெருப்பு கூடாது. நிக்கலுக்குப் பதில் எவர்சில்வர்த் துண்டை நேர்முனையில் மாட்ட வேண்டாம். அதிலிருந்து கொடிய குரோமியச் சேர்மங்கள் கரையக்கூடும். உப்பையும் வோல்ட்டையும் கூட்டினால் குளோரின் வாயு கிளம்பக்கூடும். தீர்ந்த கரைசலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய புட்டியில் பெயர் எழுதி வைத்து, அபாயக் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.