தினம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது, எல்டன் ரிங் எனக்கு ஒத்துவருமா?

கேள்வி: வேலையெல்லாம் முடிந்து இரவில் ஒரு மணி நேரம்தான் கேம் விளையாட முடிகிறது. தி விட்சர் 3-ஐ முழுசாக முடித்தேன். அந்த மாதிரிப் பெரிய உலகமும் நல்ல கதையும் பிடிக்கும். அடுத்து எல்டன் ரிங் வாங்க நினைக்கிறேன். "ரொம்பக் கஷ்டம், பாதியில் விட்டுவிடுவாய்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கணினியில் 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1070 கார்டு இருக்கிறது. எனக்கு ஒத்துவருமா?

பதில்: பெரிய உலகம் பிடிக்கும் என்கிறீர்கள், அந்த வகையில் தாராளமாக வாங்கலாம். கதைக்காக மட்டும் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் கஷ்டம் உண்மைதான், ஆனால் உங்களுக்கு அது பெரிய தடையாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் கஷ்டத்தைப் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் வந்த இந்த கேமை இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனத்தில் அவர் இதற்கு முன் எடுத்த பெரும்பாலான கேம்களிலும் அடி பலமாகத்தான் விழும். அவற்றில் ஒரு பாஸிடம் (பலமான பெரிய எதிரியிடம்) மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் அவரை ஜெயித்தால்தான் மேலே போக முடியும். இங்கே அப்படியில்லை, திரும்பி வேறு பக்கம் போய்விடலாம். ஈஸி, ஹார்டு என்று தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் எங்கே போவது, எந்த பலத்தோடு திரும்பி வருவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. இந்த கேமின் ஆகப் பெரிய பலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆரம்பப் பகுதியான லிம்க்ரேவில், வெளியே வந்த உடனேயே தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன் நிற்பான். அவனோடு மோதாமல் சுற்றிப் போய்விடுங்கள். ஒளிக்கற்றை காட்டும் வழியில் நேராகப் போனால் ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸ் வருவான். முதல் சில நாட்களிலேயே அவனிடம் போய் அடிபட்டு, வெறுத்துப்போய் விட்டவர்கள் நிறையப் பேர். நீங்கள் குதிரை கிடைத்ததும் தெற்கே வீப்பிங் பெனின்சுலா பக்கம் போங்கள். அங்கே எதிரிகள் எளிது. மூன்று தேவாலயங்களில் உங்கள் மருந்துக் குடுவையின் வீரியத்தைக் கூட்டும் பொருள் கிடைக்கும். லிம்க்ரேவில் உள்ள எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறையில் ஆயுதத்தை +3 வரை ஏற்றிக்கொள்ளலாம். அதே தேவாலயத்தில் இரவில் ஒரு சூனியக்காரி வந்து, ஆவிகளைத் துணைக்கு அழைக்கும் மணியைத் தருவாள். லெவல் ஏற்றும்போது விகர் என்கிற உயிர்பலத்துக்கு முதலிடம் கொடுங்கள். புதிதாக ஆடுபவர்கள் பலரும் தாக்கும் சக்தியை மட்டும் ஏற்றிவிட்டு, ஒன்றிரண்டு அடியிலேயே செத்துப்போகிறார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு மார்கிட்டிடம் போய்ப் பாருங்கள், அது வேறு சண்டையாக இருக்கும். அப்போதும் பிடிக்கவில்லையா? கோட்டையை அடியோடு தவிர்த்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் மலைப்பாதை வழியாக அடுத்த பகுதியான லியூர்னியாவுக்கே போய்விடலாம். கேம் உங்களைத் தடுக்காது.

இப்போது உலகத்தைப் பற்றி. விட்சரில் மேப்பைத் திறந்தால் கேள்விக்குறிகள் நிறைந்திருக்கும், ஒவ்வொன்றாகப் போய்த் துடைப்போம். இங்கே மேப்பே காலியாகத்தான் தொடங்கும். தூரத்தில் தெரியும் ஒரு கோபுரத்தைப் பார்த்து, "அங்கே என்ன இருக்கும்?" என்று நீங்களாகத்தான் கிளம்ப வேண்டும். போனால் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். லிம்க்ரேவின் கிழக்குக் காட்டில் ஒரு பழைய கட்டடத்துக்குள் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அது இறங்கிக்கொண்டே இருக்கும். கதவு திறக்கும்போது பூமிக்கு அடியில், தலைக்கு மேலே நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு வானம்! அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள், எந்தக் குறியும் காட்டியிருக்காது. இந்த வகைக் கண்டுபிடிப்பை இவ்வளவு தாராளமாகத் தரும் கேம்கள் மிகக் குறைவு. அதனால்தான் தொடங்குமுன் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்வேன்.

கதை விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் வரலாம். உலகத்தின் பழைய வரலாற்றை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதினார், அது ஆழமானதுதான். ஆனால் அது பொருட்களின் குறிப்புகளிலும், பாத்திரங்கள் பேசும் இரண்டொரு புதிரான வரிகளிலும் சிதறிக் கிடக்கிறது. க்வெஸ்ட் பட்டியல், அதாவது செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல், என்று ஒன்றே கிடையாது. ஒருவர் "வடக்கே போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார், நீங்கள் அவரை மறுபடி பார்க்காமலே கேமை முடித்துவிட முடியும். வெளியான அடுத்த மாதம் வந்த ஓர் அப்டேட்டில், சந்தித்த பாத்திரங்கள் மேப்பில் தெரியும்படி செய்தார்கள். அது போதாது. தினமும் ஒரு மணி நேரம் ஆடுபவருக்குப் போன வாரம் யார் என்ன சொன்னார்கள் என்பது எப்படி நினைவிருக்கும்? இதை ரசனை என்று சிலர் வாதாடுவார்கள். நான் இதைக் குறையாகத்தான் பார்க்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பெயரையும் இடத்தையும் எழுதி வையுங்கள். ரானி என்ற பாத்திரத்தின் க்வெஸ்டுக்கு மட்டும் இணையத்தில் வழிகாட்டி தேடிப் படித்தாலும் தப்பில்லை. அது தனி முடிவுக்கே கொண்டுபோகும், தவறவிடக் கூடாது.

இன்னொரு குறை பின்பாதியில் இருக்கிறது. தலைநகரமான லேண்டெல் வரை கேம் ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தாண்டிப் பனிமலைக்குப் போனதும் இடம் பெரிது, சரக்கு கொஞ்சம். எதிரிகளின் அடி திடீரென்று கூடிவிடும். நிலவறைகளில் ஏற்கனவே பார்த்த மாதிரி பாஸ்கள், அதே கற்சுவர். தலைநகருக்கு முந்தைய பகுதியிலேயே, ஸ்டார்ம்வேல் கோட்டையில் ஜெயித்த காட்ரிக் என்ற பாஸின் நகல் ஒன்று வேறு பெயரில் வந்துவிடும். அதைவிட எனக்கு வருத்தம், அஸ்டெல் என்ற பாஸ் விஷயம்தான். முதலில் மறக்க முடியாத ஓர் இடத்தில் வரும் அதை, பிறகு ஒரு சாதாரணச் சுரங்கத்தின் கடைசியில் மறுபடி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை கிடைத்த பிரமிப்பே அதனால் குறைந்துபோகிறது. பனிமலை வரும்போது எல்லா நிலவறைக்குள்ளும் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முக்கியப் பாதையில் நடந்தாலே போதும்.

ஒரு மணி நேரக் கணக்குக்கு வருவோம். கேம் தானாகவே சேவ் ஆகும். எந்த இடத்திலும் வெளியேறலாம், திரும்பி வந்தால் அநேகமாக அதே இடத்தில் இருப்பீர்கள். பாஸ் சண்டையின் நடுவே வெளியேறினால் மட்டும் வாசலுக்கு வெளியே இருப்பீர்கள். கேமை நடுவில் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. அவசரம் என்றால் மெனுவில் உதவிக்குள் போய் மெனு விளக்கத்தைத் திறந்தால் கேம் நிற்கும், அது ஒரு குறுக்கு வழி. முக்கியக் கதைக்கு மட்டுமே 50, 60 மணி நேரம் ஆகும், சுற்றிப் பார்த்தால் 100-ஐத் தாண்டும். உங்கள் வேகத்தில் சில மாதங்கள்.

உங்கள் கணினியின் ராமும் கார்டும், கேம் நிறுவனம் பரிந்துரைத்த அளவுக்குச் சரியாக இருக்கின்றன. எஸ்எஸ்டியில் நிறுவுங்கள், 60 ஜிபி இடம் வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு (காட்சிப் படங்களுக்கு) மேல் போகாது. வெளியானபோது இருந்த திணறல் அப்டேட்டுகளில் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. கன்ட்ரோலர் இருந்தால் அதிலேயே ஆடுங்கள், கீபோர்டில் ஆடுவதைவிட வசதி.

அப்புறம், 2024-இல் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ விரிவாக்கத்தையும் சேர்த்து இப்போதே வாங்க வேண்டாம். ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் ஜெயித்தால்தான் அதற்குள் நுழையவே முடியும். மோக் இருக்கும் இடம் முக்கியப் பாதையில் வராது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் ஆட ஆசை இருந்தால், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.