காசில் ஒட்டிய பச்சைப் பிசுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து காசு ஆல்பத்தைத் திறந்து பார்ப்பவர்களிடமிருந்து ஆண்டுதோறும் இதே கவலைதான் வருகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா வாங்கி வைத்த காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் வெள்ளிக் காசு, இருபது வருடமாக ஆல்பத்தை விட்டு வெளியே வரவில்லை. இப்போது விளிம்பெல்லாம் பச்சையாகப் பிசுபிசுவென்று இருக்கிறது. ஈரம் பட்டதுதான் காரணமா?

ஈரத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் வினை ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளில்தான் தொடங்கியிருக்கிறது; அந்தத் தாள் பிவிசியாக இருக்கும். பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக்; வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இருப்பதும் அதுதான். அதைத் துணி போல் மடங்க வைக்க எண்ணெய் மாதிரியான ஒரு மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் கசிந்து காசின்மேல் படிகிறது. பிவிசியும் மெல்லச் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுகிறது. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் செம்பைத் தின்னும்போது பிறப்பதுதான் அந்தப் பச்சை. வெள்ளியில் ஏது செம்பு என்று கேட்கலாம். உங்கள் 1969 காசின் எடை 15 கிராம், அதில் 80 சதவீதம்தான் வெள்ளி. மிச்சம் செம்பு.

முதலில் காசை அந்தத் தாளிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிறகு பிசுக்கைக் கரைக்கும் திரவமான அசிட்டோனைக் கலப்படமில்லாததாக வாங்குங்கள். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பெயின்ட் கடைத் தின்னர் பல திரவங்களின் கலவை, அது வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி, கண்ணாடித் தட்டால் மூடி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கூடாது. சில பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் கரைத்துக் காசின்மேல் இன்னொரு படலம் போர்த்திவிடும். பிறகு புது அசிட்டோனில் இன்னொரு முழுக்கு. பழையதிலேயே அலசி எடுத்தால் கரைந்த பிசுக்கு மீண்டும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பிசுக்கு கெட்டியாக இருந்தால் இரவு முழுக்க ஊறட்டும். அப்போதும் ஒட்டியிருக்கும் இடத்தில் அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து எடுங்கள், மெதுவாக உருட்டுங்கள். தேய்க்கவே தேய்க்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து வைத்தால் சில நொடிகளில் தானே உலர்ந்துவிடும்.

இதை மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள். மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி அது, காற்றைவிடக் கனமானதால் தரையோடு தரையாகப் பரவும். பக்கத்து அறையில் அடுப்போ சாமி விளக்கோ எரியும்போது குப்பியைத் திறக்கவே வேண்டாம்.

அசிட்டோனுக்கு அலைவானேன்? நகப்பூச்சு அழிக்கும் திரவம் போதாதா? அம்மா புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும் என்கிறார்.

நகப்பூச்சுத் திரவத்தில் வாசனையும் நிறமும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். ஓர் எண்ணெயை எடுக்கப் போய் இன்னொன்றைப் பூசியதாகிவிடும். புளி குத்துவிளக்குக்குச் சரி. காசில் அது பிசுக்கோடு உலோகத்தின் மேல்தோலையும் உரித்துவிடும். அப்படிப் பளபளத்த காசைச் சேகரிப்பாளர்கள் ஒரு பார்வையிலேயே ஒதுக்குவார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

என்னிடம் 1835 கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணாவும் சில சோழர் செப்புக்காசுகளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பச்சை. எல்லாவற்றையும் அசிட்டோனில் போடலாமா?

பொறுங்கள். பச்சையில் மூன்று வகை உண்டு. நகத்தால் தொட்டால் பிசுபிசுக்கும், கண்ணாடி போல மினுங்கும் பச்சை பிளாஸ்டிக்கின் வேலை. கெட்டியாக, சமமாகப் படர்ந்த கரும்பச்சை, மண்ணில் கிடந்த காசு தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டை. அதைத் தொடவே கூடாது. சோழக் காசின் அழகே அதுதான். மூன்றாவது, சிறு குழிகளிலிருந்து மாவு போல உதிரும் வெளிர்பச்சை. அது குளோரைடு நோய், உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தத்தில் உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை. பிளாஸ்டிக் பிசுக்கு அப்படிக் கூடப் பிறந்ததல்ல, வெளியிலிருந்து வந்தது. அதனால்தான் அசிட்டோனுக்கு அது கட்டுப்படுகிறது, மற்ற இரண்டும் கட்டுப்படுவதில்லை.

கால் அணாவில் இருப்பது பிசுக்கு என்றால் சில நிமிடங்கள் மட்டும் போட்டு எடுங்கள். வெள்ளியைப் போல இரவெல்லாம் ஊறவிடுவதை செம்புக்கு நான் சொல்ல மாட்டேன். செம்பின் நிறம் மாறிவிடலாம். உதிரும் பச்சை கண்ட காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது வீட்டு வைத்தியத்தில் தீராது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைத்ததே செப்புத் திருமேனிகளை இந்த நோயிலிருந்து காப்பாற்றத்தான்.

என் ஆல்பம் பிவிசியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் 'நல்ல பிளாஸ்டிக்' என்கிறார்.

மூக்குக்கே தெரியும். புது ரெக்சின் போல வாசம் அடித்து, தாள் கொழகொழவென்று மடங்கினால் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் விடுங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், பயமில்லை. மூழ்கினால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிவிசியும் மூழ்கும், பாதுகாப்பான மைலார் என்ற பாலியெஸ்டர் தாளும் மூழ்கும். மைலார் மொடமொடவென்று சத்தம் போடும், வாசம் இராது. முக்கோணக் குறிக்குள் 3 என்று இருந்தால் அது பிவிசி, மறு பேச்சில்லை.

மாற்றாக, மைலார் சாளரம் வைத்த அட்டை ஹோல்டரோ, காசை உள்ளே வைத்து மூடும் கெட்டியான பிளாஸ்டிக் கேப்ஸ்யூலோ வாங்குங்கள். ஹோல்டரில் அடிக்கும் ஸ்டேப்பிள் முனையைத் தட்டி மடக்குங்கள், பக்கத்துக் காசைக் கீறிவிடும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் பெட்டிக்குள்ளே வேண்டாம். வெள்ளியைக் கறுக்க வைக்கும் கந்தகம் ரப்பர் பேண்டில் இருக்கிறது.

பிசுக்கு முழுக்கப் போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் மங்கலாக, சொரசொரப்பாக ஒரு திட்டு தெரிகிறது. இதற்கு என்ன போடுவது?

ஒன்றும் போடாதீர்கள். பிசுக்குக்குக் கீழே அமிலம் உலோகத்தைத் தின்ற தடம் அது. போன உலோகம் திரும்பாது. பாலிஷ் போட்டால் திட்டோடு மிச்சமிருக்கும் நல்ல பரப்பும் போய்விடும். அரிப்பு அங்கே நின்றுவிட்டதே பெரிது. என் சேகரிப்பிலும் அப்படி ஒரு வெள்ளி ரூபாய் இருக்கிறது, கேப்ஸ்யூலில் பத்திரமாக. விற்பதாக இருந்தால் வாங்குபவரிடம் திட்டைச் சுட்டிக்காட்டி, அசிட்டோனில் போட்டதையும் சொல்லி விலை பேசுங்கள். அதே ஆல்பத்தில் இருந்த மற்றக் காசுகளையும் இந்த வாரமே வெளியே எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள்.