ஒரு வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு காசு என்று சொன்ன கணக்கு ஏன் எப்போதும் பிசகுகிறது?

மதிப்பீடு என்பது, ஒரு வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு காசு பிடிக்கும் என்று தொடங்கும் முன்பே கணக்குப் பார்ப்பது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளை மட்டும் மனதில் வைத்து ஒரே எண்ணைச் சொல்வதால்தான் பெரும்பாலும் அது பிசகுகிறது.

இலங்கையின் ஹட்டன் பக்கம் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கூரைத் தகரம் மாற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடித்தால் 6 நாள். வழக்கமாக 9 நாள். ஜூன் மழை பிடித்து, தகரம் ஏற்றிய லொறி தோட்டத்துப் பாதையில் சேற்றில் புதைந்து, அப்புறம் தகரம் அடிக்கும் பாஸும் வேறு வேலைக்குப் போய்விட்டால் 24 நாள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 11 நாள். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான முறை இது. நம் கூரைக்கும் பொருந்துகிறது!

காசுக்கும் இதே கணக்குதான். தகரத்தின் விலையோடு, லொறி போகாத மேட்டு லயம் வரை தலையில் சுமந்து ஏற்றும் கூலியையும் சேருங்கள். அதைத்தான் மறந்துவிடுகிறோம்.

சரி, 11 நாள் என்றால் 12ஆம் நாள் காலையில் கூரை தயார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது வாக்குறுதி இல்லை, சராசரி. மழை தொடங்கியதும் மறுபடி கணக்குப் போட வேண்டும்.