தில்லி பால்கனியில் கறிவேப்பிலை

தம்பி, போன மாதம்தான் மதுரையிலிருந்து தில்லி வந்திருக்கிறீர்கள். பால்கனியில் கறிவேப்பிலையும் கீரையும் வளர்த்துக்கொண்டு, மற்றதை உள்ளூர்க் காயாகவே வாங்கிச் சமாளிக்கலாமா என்று கேட்கிறீர்கள். மயூர் விகாரில் பதினாறு வருடமாக எனக்கும் இதே பாடுதான். சமாளிக்கலாம், ஆனால் நம்ம ஊர்ப் பட்டக் கணக்கு இங்கே செல்லாது.

வந்த புதிதில், ஊரிலிருந்து கொண்டுவந்த தண்டுக்கீரை விதையை டிசம்பரில் தூவிவிட்டு மூன்று வாரம் வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சூடு வேண்டும். பிப்ரவரி கடைசியில் போடுங்கள். கொத்தமல்லி, வெந்தயம், பாலக் எல்லாம் தசரா முடிந்த கையோடு.

கறிவேப்பிலை ஜனவரிக் குளிரில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று முதல் செடியைப் பிடுங்கி எறிந்தேன். வேர் ஈரமாக, உயிரோடு இருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் தண்ணீரைக் குறைத்துச் சும்மா விடுங்கள், மார்ச்சில் துளிர்க்கும். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது பச்சை வலை கட்டி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போது தக்காளிப் பூ எல்லாம் உதிரும், விடுங்கள்.

அப்புறம், கீரைக்கு ஏங்க வேண்டாம். குளிர்காலத் தள்ளுவண்டியில் 'பதுவா' என்று விற்பது நம்ம சக்கரவர்த்திக் கீரைதான். கோடையில் வரும் 'குல்ஃபா' பருப்புக்கீரை. பேர் தெரியாமல் இரண்டு வருடம் கடந்து போயிருக்கிறேன்.

'உள்ளூர்க் காய்' என்பதில்தான் சிக்கல். எங்களுக்கு மிக அருகில் விளைவது யமுனைக் கரைக் காதரில், அதாவது வெள்ளம் பாயும் ஆற்றோரச் சமவெளியில். காலையில் பறித்த முள்ளங்கி, ஈர மண்ணோடு, பார்த்தாலே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ஆற்றில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கிறது. அங்கே உணவுப் பயிர் கூடாதென்று 2015-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது; விவசாயம் நின்றபாடில்லை. அந்த விவசாயிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் செடி உறிஞ்சிய ஈயம் கழுவினால் போகாது, அதனால் அந்தக் கீரையும் கிழங்கும் எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. வண்டிக்காரரிடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே வாங்குகிறேன்.

முருங்கைக்காய்க்குத் தெற்கு தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட். உள்ளூர்க் காய் இல்லைதான், நானும் மாதம் ஒருமுறை போகிறேன்.

என் கறிவேப்பிலையின் வேரில் இரண்டு கன்று விட்டிருக்கிறது. ஒன்று உங்களுக்கு. மார்ச்சில் வாருங்கள், இப்போது பெயர்த்தால் பிழைக்காது.