கன்வேட்டருக்குக் காசு கட்ட முதல் வாகனத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள்

கேள்வி: அண்ணை, என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொறோலா 121 கார். மல்லாவியில் இருந்து வவுனியாவுக்குக் கிழமையில் இரண்டு தரம் ஓடுகிறேன். இரண்டு மாதமாக எஞ்சின் லைற் எரிகிறது. ஸ்கேன் பண்ணியபோது பி0420 என்ற கோட் வந்தது, கன்வேட்டர் (எஞ்சின் புகையைச் சுத்தமாக்கும் பகுதி) போய்விட்டது, புதுசு போடத்தான் வேண்டும் என்றார்கள். இன்னொரு கராஜில் பழையதைக் கழற்றித் தந்தால் காசும் தந்து வெறும் குழாய் போட்டுத் தருவார்களாம். ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இரண்டு பேருக்கும் இப்போதைக்கு ஓம் சொல்லாதீர்கள். கன்வேட்டருக்கு முன்னால் ஒரு ஒட்சிசன் சென்சர் இருக்கும், பின்னால் ஒன்று இருக்கும். பின்னால் இருப்பது காட்டுவதை வைத்து, புகை சரியாகச் சுத்தமாகவில்லை என்று வாகனத்தின் கொம்பியூட்டர் நினைக்கிறது, பி0420 சொல்வது அவ்வளவுதான். கன்வேட்டர் களைத்திருக்கலாம். புகைக் குழாய் எங்காவது ஒழுகினாலும் இதே கோட் வரும், எங்கள் கிரவல் றோட்டில் ஓடுகிற வாகனத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, வெளியிடத்தில் விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒருவர் தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி அமத்தட்டும், நீங்கள் மனிபோல்டில் (எஞ்சினில் இருந்து புகை வெளிவரும் முதல் குழாய்த் தொகுதி) இருந்து பின் சென்சர் வரை காதைக் கொடுங்கள். சிர்ர் என்று காற்றுச் சீறினால், அல்லது குழாய்கள் பொருந்தும் மூட்டில் கறுப்பாகக் கரிக்கோடு ஒன்று படிந்திருந்தால், ஒழுக்கு அங்கேதான். அந்த ஓட்டையால் புகை வெளியே போவதோடு வெளிக்காற்றும் உள்ளே இழுபடும், சென்சர் அந்தக் காற்றில் உள்ள ஒட்சிசனைக் கண்டு ஏமாறும். மூட்டுக்கு இடையில் வைக்கும் கஸ்கற்றை மாற்றி, தேவையென்றால் ஒரு வெல்டிங் வைத்தால் முடிகிற வேலைக்குப் போய்க் கன்வேட்டர் விலை கொடுக்க வேண்டாம்.

ஒழுக்கு இல்லையா, அப்புறம் மாங்குளத்தில் ஏ9இல் ஏறி முறிகண்டிப் பிள்ளையாரடி வரை ஓடி நன்றாகச் சூடாக்கிக்கொண்டு ஸ்கேன் பண்ணப் போங்கள். கோட் இலக்கத்தை மட்டும் வாசித்துச் சொன்னால் காணாது, இரண்டு சென்சரின் வரைகோடுகளையும் திரையில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடிக்கும்போது முன் சென்சர் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பின் சென்சர் 0.6, 0.7க்குக் கிட்ட அமைதியாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வேட்டர் வேலை செய்யவில்லை. (சில டொயோட்டாக்களில் முன்னால் இருப்பது வேறு வகை, காற்று-எரிபொருள் சென்சர். அது இப்படித் துள்ளாது, அதைப் பார்த்துப் பழுது என்று சொல்லிவிடுவார்கள், கவனம்.)

கன்வேட்டர் போனது உறுதியானாலும் உடனே வாங்காதீர்கள். அது சும்மா சாவதில்லை. பிளக்கோ கொயிலோ சரியில்லாமல் எரியாத பெற்றோல் உள்ளே போய் எரிந்து கன்வேட்டருக்குள் இருக்கிற தேன்கூடு போன்ற பகுதியை உருக்கியிருக்கும், அல்லது எஞ்சின் ஒயில் குடித்து அந்தத் தேன்கூட்டை அடைத்திருக்கும், அல்லது மாரியில் சூட்டோடு வெள்ளத்துக்குள் இறக்கி உள்ளே விரிசல் விட்டிருக்கும். முதல் இரண்டையும் திருத்தாமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும். எஞ்சின் லைற் விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர் (பெற்றோல் சரியாக எரியாமல் போவது), ஓட்டத்தை நிறுத்துங்கள்.

வெறும் குழாய் வேண்டவே வேண்டாம். அந்தத் தேன்கூட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, அதனால்தான் காசு தருகிறார்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும்தான் பார்க்கிறார்கள், அங்கே மாட்டுப்படுவீர்கள். அதை விட, உங்களுக்குப் பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்தப் புகையைத்தான் குடிக்க வேண்டும், எனக்கு அதுதான் பெரிய கவலை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் மொடலுக்குரியதைப் பாருங்கள், ரீகண்டிஷன் என்றால் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள், தேன்கூடு உருகியோ உடைந்தோ இருக்கக் கூடாது, குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. மலிவான பொதுவகைகளில் அந்த உலோகங்கள் குறைவு, கோட் திரும்பி வரும். பற்றுச்சீட்டில் உத்தரவாதக் காலத்தை எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அடித்துச் சொல்லலாம், கையில் சீட்டு இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய காரில் பி0135 வருகிறது, பெற்றோலும் கூடக் குடிக்கிறது. சென்சர் மாற்றவா? (ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு அக்கா)

பதில்: அக்கா, அது முன் ஒட்சிசன் சென்சரின் சூடேற்றிப் பகுதியில் பழுது என்கிற கோட். முதலில் பியூஸைப் பாருங்கள், பிறகு வயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள், வளவில் நிற்கும் வாகனத்துக்கு இது வழமை. இரண்டும் சரியென்றால் சென்சரின் வயர்ப் பிளக்கைக் கழற்றி சூடேற்றியின் இரண்டு முனையிலும் மீற்றரை வைக்கச் சொல்லுங்கள், சில ஓம் மின்தடை காட்டினால் நல்லது, ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது, மாற்றுங்கள். பழைய சென்சரில் இருக்கிற இலக்கத்தைக் கொண்டுபோய் அதே இலக்கம் வாங்குங்கள். பூட்டும்போது நுனியில் ஒன்றும் பூசவிடாதீர்கள், கிட்டவும் சிலிக்கன் பசை வேண்டாம், அதன் ஆவியே புது சென்சரைக் கெடுத்துவிடும்.