பிரசவ வலியில இருக்கும்போதே குழந்தை தலையில ரத்தம் எடுப்பாங்களா?

"36 வாரம் ஆச்சு டாக்டர், வலி வந்தப்புறம் குழந்தை ஹார்ட்பீட் சரியில்லன்னா தலையில இருந்து ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவோம்னு சொல்றாங்க, கேட்டதுல இருந்து தூக்கமே இல்ல, அதுக்கு பேசாம சிசேரியனே பண்ணிடலாமே"ன்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

உங்க பதட்டம் எனக்கு நல்லாவே புரியுது. முதல்ல இது எல்லாருக்கும் பண்ற டெஸ்ட் இல்லம்மா. வயித்துல பெல்ட் கட்டி குழந்தை ஹார்ட்பீட்ட பதிவு பண்ற சி.டி.ஜி கிராஃப் எடுப்பாங்கல்ல, அதுல ஒரு பெரிய குறை இருக்கு, நல்லா இருக்கிற குழந்தைக்கே பல நேரம் கிராஃப் மோசமா வரும், அத மட்டும் நம்பி ஓடினா தேவையில்லாத ஆபரேஷன்ல போய் முடியும். குழந்தைக்கு நிஜமாவே ஆக்சிஜன் பத்தலன்னா ரத்தத்துல ஆசிட் ஏறும், அத நேரா அளந்து பாக்கத்தான் இந்த டெஸ்ட். பெர்லின்ல எரிக் சாலிங்ங்கிற டாக்டர் 1960கள்ல கொண்டுவந்தது.

எப்படி எடுப்பாங்கன்னா, பனிக்குடம் உடைஞ்சு கர்ப்பப்பை வாய் ஒரு 3 செ.மீ.யாவது திறந்திருக்கணும். உங்கள இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு, ஒரு குழாய் வழியா குழந்தை தலைய பாத்து துடைச்சு, ரத்தம் பரவாம முத்து மாதிரி நிக்கணும்னு கொஞ்சம் ஜெல் தடவி, 2 மி.மீ. ஆழத்துக்கு மேல போகாத பிளேடால சின்னதா ஒரு கீறல், அந்த சொட்ட மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல இழுத்துட்டு கீறின இடத்த அழுத்திப் புடிப்பாங்க, அவ்ளோதான். குழந்தைக்கு பெரும்பாலும் சின்ன தழும்போட ஆறிடும், ரத்தக்கசிவு, இன்ஃபெக்‌ஷன் எல்லாம் அபூர்வம். உண்மைய சொன்னா வலியோட வலியா அந்த குழாய தாங்கிக்கிட்டு படுத்திருக்கிற உங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம்.

ரத்தத்துல ஆசிட் எவ்ளோன்னு காட்டுற அளவு பி.ஹெச், ஆசிட் ஏற ஏற இது குறையும். 7.25 இல்ல அதுக்கு மேலன்னா நார்மல், 7.20ம் அதுக்கு கீழயும்னா சீக்கிரம் குழந்தைய வெளிய எடுக்கணும், நடுவுல இருந்தா அரை மணி நேரத்துல திரும்ப பாப்பாங்க. சில இடத்துல ஆக்சிஜன் பத்தாதப்ப ரத்தத்துல சேர்ற லாக்டேட்ட பாப்பாங்க, அதுல கணக்கு தலைகீழ், 4.1 வரை நார்மல், 4.9 இல்ல அதுக்கு மேல போனா ஆபத்து. நார்மல்னு வந்தாலும் கிராஃப் அப்படியே மோசமா இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப எடுக்கணும், ஒரு தடவை பாத்தாச்சுன்னு விட்டுடக் கூடாது.

உங்களுக்கு ஹெச்.ஐ.வி, ஹெபடைடிஸ், ஹெர்பிஸ் இருந்தாலோ, குடும்பத்துல ஹீமோபீலியா மாதிரி ரத்தம் உறையாத வியாதி இருந்தாலோ, 34 வாரத்துக்கு முன்னாடியே வலி வந்துட்டாலோ இத பண்ணக்கூடாது. இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. அதே மாதிரி தொப்புள்கொடி முன்னாடி இறங்கிட்டா, ஹார்ட்பீட் விழுந்து ஏறவே இல்லன்னா, டெஸ்ட்டுக்கெல்லாம் நேரமே கிடையாது, நேரா ஆபரேஷன் தியேட்டர்தான்.

இன்னொன்னும் சொல்லணும், இந்த டெஸ்ட்டால சிசேரியன் குறையுதான்னு டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2022ல போட்ட வழிகாட்டுதல்ல ஆதாரம் பத்தலன்னு சொல்லி இத பரிந்துரைக்காமலே விட்டுடுச்சு. நிறைய ஆஸ்பத்திரில இப்போ விரலால குழந்தை தலைய லேசா தேய்ச்சு விட்டு பாக்குறாங்க, உடனே ஹார்ட்பீட் ஏறுச்சுன்னா குழந்தை பெரும்பாலும் நல்லா இருக்குன்னு அர்த்தம், குத்தவே வேண்டாம். என்ன கேட்டா முதல்ல இத செஞ்சு பாக்குறதுதான் நல்லது.

இப்பவே சிசேரியன்னு முடிவு பண்ணாதீங்க, கிராஃப் நல்லா இருந்தா இந்த பேச்சே வராது. அடுத்த செக்கப்ல ரெண்டு கேள்வி கேளுங்க, ரத்தம் டெஸ்ட் பண்ற மிஷின் லேபர் ரூம் பக்கத்துலயே இருக்கா, எடுத்து எத்தன நிமிஷத்துல ரிசல்ட் வரும். மிஷின் தூரத்துல இருக்கு, ரிசல்ட்டுக்கு காத்திருக்கணும்னா அந்த டெஸ்ட்டால பிரயோஜனம் ரொம்ப கம்மி. உங்க சம்மதம் இல்லாம எடுக்க முடியாது, வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா வேண்டாம்னா அடுத்து என்ன பண்ணுவீங்கன்னும் சேர்த்தே கேட்டு வச்சுக்கோங்க, வலி வந்தப்புறம் இதெல்லாம் பொறுமையா பேச முடியாது.