மறுமதிப்பீடு: 505 ரூபாய் கட்டுமுன் விடைத்தாளைப் பாருங்கள்

கேள்வி: பிளஸ் டூவில் என் மகளுக்குக் கணிதத்தில் 91, இயற்பியலில் 84. இரண்டிலும் 95-க்கு மேல் எதிர்பார்த்தாள். பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறாள். மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா? பிரவுசிங் சென்டரில் 'எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம்' என்கிறார்கள்.

பதில்: அவர்களால் படிவம் நிரப்ப முடியும், அவ்வளவுதான். 'உள்ளே ஆள் இருக்கிறது, மார்க் ஏறும்' என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு மே மாதமும் இந்த வியாபாரம் நடக்கிறது. விண்ணப்பிக்கத் தேர்வுத்துறை நான்கைந்து நாள்தான் அவகாசம் தருகிறது. அந்தப் பதற்றம்தான் இவர்களுக்கு முதலீடு.

முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். அண்மை ஆண்டுகளில் பாடத்துக்கு 275 ரூபாய். நகல் இல்லாமல் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. நகல் வந்ததும் தேர்வுத்துறையின் விடைக்குறிப்பை அருகில் வைத்து, பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். கோச்சிங் சென்டர் வெளியிட்ட விடைக்குறிப்பு செல்லாது.

கூட்டல் பிழையோ, முகப்புப் பக்கத்துக்கு எடுத்து எழுதாத மதிப்பெண்ணோ மட்டும் என்றால் மறுகூட்டல் போதும், 205 ரூபாய். திருத்தாமல் விட்ட விடை, கணக்கில் படிநிலைக்குத் தராத மதிப்பெண் என்றால்தான் மறுமதிப்பீடு, 505 ரூபாய். இதில் மதிப்பெண் கூடலாம், குறையவும் செய்யலாம்.

பலர் ஏமாறும் இடம் ஒரு மதிப்பெண் வினா. கணிதத்தில் இவை 20, இயற்பியலில் 15. சரியான விடைக்குரிய குறியீட்டையும் ('ஆ' என்பதுபோல) அந்த விடையையும் சேர்த்து எழுத வேண்டும். விடை சரி, குறியீடு தவறு என்றால் பூஜ்யம். குறியீடு சரி, விடை தவறு என்றாலும் அதேதான். 'பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கிறதே' என்று வாதாடிப் பயனில்லை. விடைக்குறிப்பிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. இந்த வகையில் மூன்று போயிருந்தால் அந்த மூன்றையும் மறந்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10. குறைந்தது இவற்றில் என்றால் மறுமதிப்பீடு அதைத் தொடாது.

பொறியியல் கலந்தாய்வில் தரவரிசைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் ஏறும் ஒரு மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியலில் அது அரைதான். ஒரே ஒரு பாடத்துக்குத்தான் பணம் என்றால் கணிதத்துக்குக் கட்டுங்கள்.

முடிவு வரும்போது மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டுமே இணையதளப் பட்டியலில் இருக்கும். மகளின் எண் அதில் இல்லையென்றால் மாற்றமில்லை என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டும்; காரணம் சொல்லி ஒரு வரி வராது. அதுவரை கலந்தாய்வுப் பதிவை நிறுத்தி வைக்காதீர்கள், இப்போதுள்ள மதிப்பெண்ணோடு பதிவு செய்துவிடுங்கள்.